வாடகைக்கு விட லைன் வீடு கட்டப் போறீங்களா? முதல்ல இந்த கணக்கை பாருங்க!

கோவை,

கோவை, திருப்பூர் பக்கம் மில்லிலும் பவுண்டரியிலும் 30 வருஷம் உழைத்து ஓய்வு பெறுகிறவர்கள் பலர். கையில் பி.எப்., கிராஜுவிட்டி பணம் வந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, 'ஏனுங்க, இருக்கிற இடத்துல நாலு லைன் வீடு கட்டி உட்டா மாசம் ஒரு தொகை வந்துருமுங்களா?' என்பதுதான்.

வரும். ஆனால் நினைத்த அளவுக்கு வருமா, வந்த பணம் கையில் நிற்குமா என்பது வேறு விஷயம்.

கொங்கு மண்டலத்தில் இந்த ஆசைக்கு காரணம் இருக்கிறது. திருப்பூர் பாசி நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் 2009-ல் தெருவுக்கு வந்தார்கள். பெருந்துறை ஈமு கோழி பண்ணைகளில் போட்டவர்கள் 2012-ல் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பாசி வழக்கில் 2022-ம் ஆண்டு கோவை கோர்ட்டு 2 பேருக்கு தலா 27 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. அதற்குப் பிறகு 'மண்ணுல போட்டா ஏமாத்த முடியாது, கட்டிடத்துல போட்டா மாசமானா காசு' என்று பேசுகிறவர்கள் அதிகமாகி விட்டார்கள்.

மண்ணிலும் ஏமாற்றலாம். கட்டிடத்தில் போட்டவர்கள், யாரும் ஏமாற்றாமல் தாங்களாகவே நஷ்டப்படுவதும் உண்டு.

மில்லோடு வந்த லைன் வீடு

லைன் வீடு இந்த ஊருக்கு புதிது அல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைகாரா கரண்ட் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் என்று வரிசையாக மில்கள் முளைத்தன. கிராமத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரே சுவரை ஒட்டி ஒரு வரிசை வீடு, பொதுவில் ஒரு குழாய், கடைசியில் ஒரு கக்கூஸ். அதுதான் லைன்.

இன்றைக்கு ஆள் மாறி இருக்கிறது. கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் பவுண்டரி, லேத் பட்டறைகளுக்கு வந்த வடமாநில தொழிலாளர்கள். சரவணம்பட்டி, விளாங்குறிச்சி பக்கம் ஐ.டி. கம்பெனி பையன்கள். பீளமேட்டில் கல்லூரி மாணவர்கள். திருப்பூர் அனுப்பர்பாளையம், பெருமாநல்லூர் பக்கம் பனியன் தொழிலாளர் குடும்பங்கள். குடியிருக்க வருகிறவர் யார், அவருடைய பிழைப்பு எதை நம்பி ஓடுகிறது என்பதை வீட்டுக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த தொழில் படுத்தால் வாடகையும் படுத்து விடும்.

28 லட்சம் போட்டால் என்ன வரும்?

ஒரு உதாரண கணக்கு போட்டு பார்க்கலாம். 3 சென்ட் இடம், அதாவது சுமார் 1,300 சதுர அடி. கீழே 2, மேலே 2 என்று 4 போர்ஷன். மொத்தம் 1,400 சதுர அடி கட்டிடம். சதுர அடிக்கு 2 ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் 28 லட்சம்.

ஒரு போர்ஷனுக்கு வாடகை ரூ.6,500 என்று வையுங்கள். மாசம் 26 ஆயிரம். வருஷத்துக்கு 3 லட்சத்து 12 ஆயிரம். இந்த இடத்தில்தான் எல்லோரும் கால்குலேட்டரை மூடி விடுகிறார்கள். மூடக்கூடாது.

ஒவ்வொரு போர்ஷனும் வருஷத்துக்கு ஒரு மாசமாவது காலியாக கிடக்கும். அதில் 26 ஆயிரம் போகும். வீட்டு வரி, தண்ணி வரி, மோட்டார் காயில் கட்டுவது, வெள்ளை அடிப்பது, அடைத்த டிரைனேஜை எடுப்பது என்று 30 ஆயிரம். மிச்சம் 2 லட்சத்து 56 ஆயிரம்தான்.

கட்டிட செலவை மட்டும் பார்த்தால் இது 9 சதவீதம். பரவாயில்லை. ஆனால் இடத்தை புதிதாக சென்ட் 8 லட்சத்துக்கு வாங்கி கட்டினால் முதல் 52 லட்சம் ஆகி விடும். வருமானம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கி விடும். அப்பன் பாட்டன் விட்டுப் போன இடம் இருக்கிறவருக்கு லைன் வீடு லாபம். இடம் வாங்கி கட்டுகிறவர், இடத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இறங்குகிறார். வாடகையை நம்பி அல்ல.

கடன் வாங்கினால் இன்னும் நெருக்கடி. பாங்கியில் 20 லட்சம், 9 சதவீத வட்டி, 15 வருஷம் என்றால் மாச தவணை ரூ.20,285. வருஷத்துக்கு 2 லட்சத்து 43 ஆயிரத்து சொச்சம். மேலே சொன்ன 2 லட்சத்து 56 ஆயிரத்தில் இதை கழித்தால் கையில் நிற்பது 12 ஆயிரத்து 580 ரூபாய்.

ஒரே ஒரு போர்ஷன் கூடுதலாக 2 மாசம் பூட்டிக் கிடந்தால் 13 ஆயிரம். அதுவும் போச்சு. தவணையை கையில் இருந்து கட்ட வேண்டியதுதான்.

ஆடியில் காலி ஆனால்...

2 மாசம் எப்படி காலியாக கிடக்கும் என்று கேட்கலாம். ஆனியில் ஒருத்தர் காலி செய்தால் ஆடியில் நல்ல நாள் பார்க்கிற குடும்பம் எதுவும் பால் காய்ச்ச வராது. மார்கழியிலும் அதே கதை. கார்த்திகை கடைசியில் காலி ஆனால் தை பிறக்க வேண்டும். பள்ளிக்கூட பிள்ளைகள் இருக்கிற வீட்டார் முழு ஆண்டு லீவில்தான் மாறுவார்கள். ஒப்பந்த கெடு ஆனி, கார்த்திகையில் முடியாதபடி எழுதுகிற வீட்டுக்காரர் விவரமானவர்.

இது வருஷா வருஷம் வருகிற காலி. மொத்தமாக காலி ஆவதும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தொழிலாளர்களிடம் ஒரு மாச வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29-ந் தேதி மத்திய உள்துறை உத்தரவு போட்டது. பிறகு ரெயில் விட்டதும் லைன் லைனாக ஊருக்கு கிளம்பினார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாக பொய் வீடியோ பரவி மறுபடி ஒரு பதற்றம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் பனியன் ஆர்டர் பற்றிய கவலை லைன் வீடு வரை வந்தது.

அதனால் குறைந்தது 6 மாச தவணை பணம் பாங்கியில் தனியாக கிடக்கிறதா என்று பார்த்து விட்டு அஸ்திவாரம் தோண்டுவது நல்லது.

அட்வான்ஸ் உங்க பணம் இல்லைங்க

புதுசாக வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் சறுக்குகிற இடம் அட்வான்ஸ். 4 போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே மாசத்தில் லட்ச ரூபாய்க்கு பக்கத்தில் கைக்கு வரும். கிரில் கேட் போடலாம், மொட்டை மாடிக்கு ஓடு பதிக்கலாம் என்று கை துறுதுறுக்கும்.

அது வருமானம் அல்ல. கடன். வட்டி இல்லாத கடன் என்பதுதான் வித்தியாசம். குடியிருப்பவர் காலி செய்கிற அன்றைக்கு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்றைக்கு உள்ள வாடகை சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், 3 மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக் கொண்டு, காலி செய்த ஒரு மாசத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

'அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்தா உங்களுக்கு தர்றேன்' என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் ஊரில் நிறைய. ஏற்கனவே காலி செய்த குடும்பம் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட முடியாமல் வட்டிக்கு வாங்கி இருக்கும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. போலீஸ் நிலையம் வரை போகிற வீட்டு தகராறுகளில் அட்வான்ஸ் தகராறுக்கு தனி இடம் உண்டு.

வாங்கிய அன்றே அதை தனி கணக்கில் போட்டு விடுங்கள். டெபாசிட்டில் போட்டால் வட்டி உங்களுக்கு. அசல் அவருக்கு.

போக்கியம்: இனிக்கும், பிறகு கசக்கும்

அட்வான்சை விட ஆபத்தானது போக்கியம். 'வாடகையே வேண்டாம், 5 லட்சம் குடுத்துடுங்க, 3 வருஷம் இருங்க, போகும்போது 5 லட்சத்தையும் வாங்கிக்கங்க' என்பதுதான் போக்கியம். மகள் கல்யாணம், மகன் காலேஜ் பீஸ் என்று மொத்தமாக பணம் தேவைப்படுகிறபோது வீட்டுக்காரர்கள் இதில் இறங்குகிறார்கள்.

இதை வட்டி கணக்கில் பாருங்கள். ரூ.6,500 வாடகை வரக்கூடிய வீடு. வருஷத்துக்கு 78 ஆயிரம் ரூபாயை விட்டுக் கொடுக்கிறீர்கள். 5 லட்சத்துக்கு 78 ஆயிரம் என்றால் 15.6 சதவீத வட்டி. நூற்றுக்கு மாசம் ஒன்றே கால் வட்டிக்கும் மேல். நகையை பாங்கியில் வைத்தால் கூட இதை விட குறைந்த வட்டிக்கு கிடைக்கும்.

3 வருஷம் முடியும்போது 5 லட்சம் கையில் இருக்காது. புதுசாக ஒரு போக்கியக்காரரை பிடித்து, அவரிடம் வாங்கி பழைய ஆளுக்கு கொடுப்பார்கள். அந்த வீட்டில் இருந்து மாச வாடகை என்று ஒன்று வரவே வராது. புது ஆள் கிடைக்காவிட்டால் பழைய ஆள் காலி செய்ய மாட்டார். அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது.

போக்கியம் சட்டப்படி அனுபோக அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தை பத்திர ஆபீசில் பதிவு செய்ய வேண்டும் என்று சொத்துரிமை மாற்ற சட்டத்தின் 59-வது பிரிவு சொல்கிறது. லட்சக்கணக்கில் கைமாறுகிற பணத்துக்கு முத்திரைத்தாளில் 4 வரி எழுதி கையெழுத்து போட்டுக் கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரே வீட்டை 2 பேருக்கு போக்கியம் காட்டி ஏமாற்றுகிற ஆட்களும் இந்த பதிவு இல்லாத ஓட்டையில்தான் நுழைகிறார்கள்.

வாய் பேச்சு செல்லாது

1960-ம் ஆண்டு வாடகை கட்டுப்பாடு சட்டம் இப்போது இல்லை. அதற்கு பதிலாக 2017-ல் தமிழக அரசு கொண்டு வந்த புதிய வாடகை சட்டம் 2019 பிப்ரவரி 22-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அரசின் டெனன்சி இணையதளம் மூலம் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண் வாங்க வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாதவர். தகராறு முற்றினால் வாடகை கோர்ட்டு, அதற்கு மேல் வாடகை தீர்ப்பாயம்.

பதிவு செய்யாத ஒப்பந்தத்தை சாட்சியமாக ஏற்க சட்டத்தில் இடம் இல்லை. 11 மாச ஒப்பந்தம் எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 11 மாசம் வந்தது வேறு சட்டத்தால். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை பத்திர ஆபீசில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ம் வருஷத்து பதிவு சட்டம். அந்த செலவை தவிர்க்க 11 மாசம் என்று எழுதினார்கள். புது சட்டப்படி 11 மாசம் ஆனாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு உண்டு.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதை தெளிவாக எழுதுங்கள். வாடகை எவ்வளவு, எத்தனாம் தேதி, வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றுவது, கரண்ட், தண்ணி யார் கட்டுவது, எத்தனை பேர் குடியிருக்கலாம், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு 5 சதவீதம் என்று எழுதி இருந்தால் 6,500-க்கு 325 ரூபாய். எழுதாமல் விட்டு திடீரென ஆயிரம் ஏற்றினால் வாக்குவாதம்தான்.

வாடகைக்கு ரசீது கொடுங்கள். கூகுள் பே, போன் பே மூலம் வாங்கினால் இன்னும் நல்லது. தேதியோடு பதிவாகி விடும்.

யாருக்கு விடுவது?

'பேமிலிக்கு மட்டும்' என்று போர்டு மாட்டி விட்டு 3 மாசம் காத்திருக்கிற வீடுகள் சரவணம்பட்டியில் உண்டு. பேச்சிலர்களுக்கு விட்டால் வாடகை கொஞ்சம் கூடுதல். தண்ணி செலவும் கூடுதல்.

வடமாநில தொழிலாளர்களுக்கு விடும்போது கம்பெனியோ, கான்டிராக்டரோ மொத்தமாக எடுத்துக் கொள்கிற வழக்கம் இருக்கிறது. அப்படியானால் ஒப்பந்தம் அந்த கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று எழுதி வாங்குங்கள். 4 பேர் என்று சொல்லி 12 பேரை தங்க வைத்தால் முதலில் நிறைவது செப்டிக் டேங்க்.

யாராக இருந்தாலும் ஆதார் நகல், போட்டோ, சொந்த ஊர் விலாசம், வேலை செய்யும் இடம் வாங்கி வையுங்கள். அந்த விவரத்தை பக்கத்து போலீஸ் நிலையத்தில் கொடுத்து விடுவது வீட்டுக்காரருக்கு பாதுகாப்பு. ஒரிஜினல் ஆதாரை வாங்கி பூட்டி வைப்பது மட்டும் கூடாது. அது அவருடைய சொத்து.

சிறுவாணியா, போர் தண்ணியா?

கோவையில் வீடு பார்க்க வருகிற பெண்கள் ஹாலை பார்க்க மாட்டார்கள். குழாயை திறந்து பார்ப்பார்கள். 'சிறுவாணி வருதுங்களா? எத்தன நாளைக்கு ஒருக்கா?' இதுதான் கேள்வி. நல்ல தண்ணி இணைப்பு இல்லாத லைன் வீட்டுக்கு வாடகை ஏறாது. உப்பு தண்ணிக்கு தனி தொட்டி, நல்ல தண்ணிக்கு தனி தொட்டி, போர்ஷனுக்கு ஒரு குழாய் என்று கட்டும்போதே செய்து விட்டால் குடத்து சண்டை இருக்காது.

கரண்ட் விஷயத்தில் பல வீட்டுக்காரர்கள் சம்பாதிக்க பார்க்கிறார்கள். ஒரே சர்வீஸ் வாங்கி, உள்ளே சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இஷ்டத்துக்கு வசூலிப்பது. வீடுகளுக்கு 2 மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2016-ல் வந்தது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சர்வீஸ் இருந்தால் அந்த சலுகை குடியிருப்பவருக்கு நேராக போய் சேரும். ஒரே சர்வீஸ் என்றால் 4 குடும்பத்தின் யூனிட்டும் ஒன்றாக கூடி, கூடுதல் ரேட்டுக்கு ஏறி விடும். சம்பாதிப்பதாக நினைக்கிற வீட்டுக்காரருக்கும் கடைசியில் மிஞ்சுவது சண்டைதான். தனி சர்வீஸ் வேண்டும் என்றால் கட்டிட பிளானிலேயே தனித்தனி வீடாக காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஒரே வீடு என்று பிளான் போட்டு 4 அடுப்படி வைத்தால் பிறகு அலைய வேண்டும்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் குடியிருப்பு கட்ட, சுய சான்று முறையில் இணையதளம் மூலம் உடனடியாக அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. இன்ஜினீயரை பார்க்கும்போது, உங்கள் கட்டிடத்துக்கு அது பொருந்துமா என்று கேட்டுக் கொள்ளலாம்.

ஆர்.சி.சி.பி. எனப்படும் உயிர் காக்கும் சுவிட்ச் ஒவ்வொரு போர்ஷனிலும் இருக்கட்டும். ஈர சுவரில் கரண்ட் பாய்ந்து குழந்தைக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

செப்டிக் டேங்க்: ஜெயில் வரை போகும்

இதை பெரிசாக யாரும் எடுத்துக் கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை டேங்க் நிறைந்து விட்டது என்று யாரோ 2 பேரை கூப்பிட்டு, ஆயிரம் ரூபாய் பேசி உள்ளே இறக்கி விடுகிறார்கள். விஷ வாயு தாக்கினால் ஒரு நிமிஷத்தில் முடிந்து விடும். முதல் ஆளை தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் போய் விடுகிறார். தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்து விட்டன.

2013-ம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை செப்டிக் டேங்கில் இறக்கி சுத்தம் செய்ய வைத்தால், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'அவங்களாத்தான் எறங்குனாங்க' என்று சொல்லி தப்ப முடியாது. லாரி வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். 14420 என்ற எண்ணுக்கு போன் செய்தால் ஏற்பாடு செய்வார்கள். டேங்க் மூடியை லாரி குழாய் எட்டுகிற இடத்தில் வையுங்கள். சந்துக்கு உள்ளே டேங்கை கட்டி விட்டு பிறகு திண்டாடுகிற வீடுகள் பல.

வாடகை தராவிட்டால்?

பூட்டை மாற்றுவது, பியூசை பிடுங்குவது, தண்ணியை நிறுத்துவது, சாமானை தெருவில் வைப்பது எல்லாம் கூடவே கூடாது. கரண்ட், தண்ணியை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் போகும். உடனே திரும்ப கொடுக்க உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பியூசை பிடுங்கிய அன்றைக்கு எதிர் பக்கம் போய் விடும்.

2 மாச வாடகை பாக்கி விழுந்தால் எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். நோட்டீசு கிடைத்து ஒரு மாசத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால் காலி செய்ய வைக்க வாடகை கோர்ட்டில் மனு போடலாம். கையெழுத்து இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும், வீட்டை நாசம் செய்தாலும் மனு போடலாம். வீட்டை பார்க்க உள்ளே போவதானாலும் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். 'எ வூடு, நா எப்ப வேணாலும் வருவேன்' என்பது பழைய காலம்.

'12 வருஷம் இருந்துட்டா வூடு அவனுக்கே சொந்தமாயிருமாமே?' என்ற பயம் பல பெரியவர்களுக்கு உண்டு. இதனாலேயே நல்ல ஆளை கூட 2 வருஷத்தில் கிளப்பி விடுகிறார்கள். வாடகை கொடுத்து, உங்கள் அனுமதியோடு இருக்கிற ஆளுக்கு 12 வருஷம் ஆனாலும் 20 வருஷம் ஆனாலும் சொந்தம் ஆகாது. அனுமதி இல்லாமல், உரிமை கொண்டாடி ஆக்கிரமித்து இருப்பவர் விஷயம்தான் வேறு. ஒப்பந்தமும் வாடகை ரசீதும் இருக்கிறவரை கவலை வேண்டாம். 10 வருஷம் ஒழுங்காக வாடகை தந்த குடும்பத்தை அனுப்பி விட்டு தெரியாத ஆளை வைப்பதுதான் பெரிய நஷ்டம்.

இடம் வாங்குகிறவர்களுக்கு

அன்னூர், சூலூர், காரமடை, கிணத்துக்கடவு பக்கம் சனி, ஞாயிறு வேன் வைத்து கூட்டிப் போய் சைட் காட்டுகிறார்கள். சாப்பாடும் போடுகிறார்கள். சாப்பிட்டு விட்டு வரலாம். அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அங்கீகாரம் இல்லாத மனைகளை பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு தடை விதித்தது நினைவிருக்கும். அன்றைக்கு மாட்டியவர்கள் கோவையிலும் ஏராளம். பிறகு 2017-ல் வரன்முறை திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்குள் பதிவான மனைகளுக்குத்தான் அது பொருந்தும். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க' என்று சொன்னால் அதை நம்பி பணம் கொடுக்கக் கூடாது. டி.டி.சி.பி. அனுமதி எண்ணை கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரெரா பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

பட்டா விவரத்தை அரசு இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வில்லங்கமும் பத்திரப்பதிவு துறை தளத்தில் பார்க்கலாம். 30 வருஷ வில்லங்கமும் தாய் பத்திரமும் ஒரு வக்கீலிடம் காட்டி விடுங்கள். கோவில் நிலம், பஞ்சமி நிலம் என்றால் பத்திரம் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. தொண்டாமுத்தூர், காரமடை பக்கம் மலையடிவார கிராமங்கள் பல, 'ஹாக்கா' எனப்படும் மலையிட பாதுகாப்பு பகுதியில் வருகின்றன. அங்கே கட்டிடம் கட்ட தனி அனுமதி வேண்டும். சில்லுன்னு காத்து வருது என்று வாங்கி விட்டு பிறகு வேலி மட்டும் போட்டு வைத்திருக்கிறவர்கள் உண்டு.

பத்திர செலவையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் மாற்றப்பட்ட கட்டணப்படி முத்திரைத்தீர்வை, பதிவு கட்டணம் சேர்த்து 9 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தை பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவு கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலில் சலுகை அறிவிக்கப்பட்டது. வீட்டம்மா பெயரில் வாங்க இதுவும் ஒரு காரணம்.

வரி

கோவை மாநகராட்சி 2011-ல் விரிவாகி சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி எல்லாம் உள்ளே வந்தன. 2022-ல் வீட்டு வரி உயர்ந்தபோது 600 சதுர அடி வரை 25 சதவீதமும், 1,200 வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் ஏறியது. அரையாண்டு தொடங்கிய ஒரு மாசத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டுகிறவர்களுக்கு 5 சதவீத ஊக்கத்தொகை தரப்பட்டு வருகிறது.

வருமான வரியை பற்றி பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் கைக்கு வந்த வாடகை 2 லட்சத்து 86 ஆயிரம். கட்டிய வீட்டு வரி 6 ஆயிரம் என்றால் மிச்சம் 2 லட்சத்து 80 ஆயிரம். அதில் 30 சதவீதம், 84 ஆயிரம், பராமரிப்புக்கு என்று பில் காட்டாமலே கழித்துக் கொள்ளலாம். 1 லட்சத்து 96 ஆயிரம் நிற்கும். கடன் வட்டி முதல் வருஷம் சுமார் 1 லட்சத்து 77 ஆயிரம் வரும். அதையும் கழித்தால் வருமானமாக காட்ட வேண்டியது சுமார் 19 ஆயிரம்தான்.

காலி செய்கிற நாள்

குடி வருகிற அன்றைக்கே செல்போனில் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, 2 பேர் போனிலும் வைத்துக் கொள்ளுங்கள். மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, சுவரில் ஏற்கனவே இருக்கிற ஆணி துவாரம் எத்தனை என்று பேப்பரில் எழுதி இரு தரப்பும் கையெழுத்து போடுவது நல்லது. காலி செய்கிற அன்று அதை வைத்து சரி பார்க்கலாம். சாதாரணமாக குடியிருந்தால் ஏற்படுகிற தேய்மானத்துக்கு பணம் பிடிக்கக் கூடாது. 5 வருஷம் ஆன பெயிண்ட் மங்கத்தான் செய்யும்.

மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து, அன்று வரை உள்ள கரண்ட் பில்லை கணக்கு பார்த்து, சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போதே அட்வான்ஸ் பாக்கியை கையில் கொடுத்து, 'முழுசா வாங்கிட்டேன்' என்று எழுதி வாங்கி, சாவி இரண்டையும் வாங்கிக் கொள்ள வேண்டும். ஒரு சாவி மட்டும் கொடுத்தால் அன்றைக்கே பூட்டை மாற்றி விடுங்கள்.